எட்டுப் பேனாவும் ஒரு சாவியும்

6-2-62, செவ்வாய்

எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் கூடி உலகம் அழியப் போகிறது என்றார்கள். நேற்றோடு கெடு முடிந்தது. உலகம் அப்படியேதான் இருக்கிறது. புதுக்கோட்டை - இலுப்பூர் முதல் சர்வீஸ் எடுத்தேன், கூட்டமும் வழக்கம்போல. மாறியிருப்பது என் அரைஞாண் கயிற்றின் முடிச்சு மட்டும்தான்.

டிரங்குப் பெட்டிச் சாவியை அரைஞாணில் கட்டியிருப்பேன். லாரியில் பாரம் கட்டப் போடுகிற முடிச்சு. பஸ்ஸுக்கு வருமுன் லாரி ஓட்டிய கை, வேறு முடிச்சு போடத் தெரியாது. காலையில் குளிக்கும்போது பார்த்தால் பூத்தொடுக்கிறவர்கள் போடுகிற மாதிரி ஒரு சின்ன முடிச்சு. வீட்டில் இருப்பது நானும் என் சம்சாரம் செவந்தியும். நான் போடவில்லை.

நாக்கு ஓரத்தில் புண் வேறு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடியிருக்கும்.

9-2-62, வெள்ளி

இன்று உள்ளங்கையில் சாவியின் அச்சு, பல் பல்லாக. சாவி இடுப்பில். அச்சு கையில். எப்படி?

16-2-62, வெள்ளி

பெட்டியில் என்ன பெரிய புதையல் இருக்கிறது? வீட்டுப் பத்திரம், என் ஆத்தா விட்டுப்போன காதுத் தண்டட்டி, பழைய கம்பளி. செவந்திக்குத் தெரியாத பொருள் ஒன்றும் இல்லை. கேட்டால் நானே திறந்து காட்டுவேன். கேட்காமல் எடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வேப்பிலையைச் செருகி வைத்திருந்தேன். முடிச்சு மறுபடி மாறியிருக்கிறது. இலை அசையவில்லை. சாவியை எடுக்கிறாள், பெட்டியைத் திறக்கவில்லை! அப்படியானால் சோப்பில் அச்சு எடுக்கிறாள். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னங்க, சோப்புல என்ன தேடுறீங்க?" என்றாள்.

"எறும்பு" என்றேன்.

1-3-62, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அடுப்படியில் சுவரோடு தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். கையில் அகப்பை, உலையில் சோறு குழைகிறது. நேற்றும் இதே கதை. பகலில் தூங்குகிறவள் ராத்திரியில் என்ன செய்கிறாள்?

காலையில் பால்காரர் கருப்பன் "பாலேய்" என்று முதல் குரல் கொடுக்குமுன்பே சொம்போடு வாசலில் நிற்கிறாள். எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவள் தூங்கிக்கொண்டிருக்க நான் எழுந்தது உண்டா என்று யோசித்தேன். முன்பெல்லாம் உண்டு. இந்த இரண்டு மூன்று வருஷமாக இல்லை.

5-3-62, திங்கள்

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று நேற்று தூங்குகிறவன் போல நடித்தேன். குறட்டைகூட விட்டேன். அவள் நம்பியிருப்பாள், நன்றாகத்தான் விட்டேன். ஆனால் எப்போது நிஜமாகவே தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை.

காலையில் தோள்பட்டையில் அடித்துப் போட்ட வலி. நாக்கில் அதே இடத்தில் புண். என் பாயை விடியுமுன்னே அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். ஏன் என்றேன்.

"பூனை நனைச்சிருச்சுங்க."

எங்கள் தெருவிலேயே பூனை கிடையாது. உள்ளதெல்லாம் நாய்.

12-3-62, திங்கள்

சோற்றில் இடுமருந்து ஏதாவது கலந்து வைக்கிறாளோ என்று ஒரு வாரமாக வீட்டில் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பாடு. கேட்டதற்கு "டூட்டி நேரம் மாறிப்போச்சு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஆனால் இன்று காலையும் கையில் அச்சு. ஆக, சாப்பாட்டில் இல்லை. அப்போது எதில்?

19-3-62, திங்கள்

அழுத்தி எழுதியதில் பேனா முள் காகிதத்தைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றும் இல்லை.

என் மைத்துனன் நாகராசு என் வண்டியில் கண்டக்டர். நான்தான் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். போன மாசம் டிரைவிங் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். நல்லது, எடுக்கட்டும் என்றுதான் இருந்தேன். மூன்று வருஷமாக எனக்கு இலுப்பூரில் வண்டியோடு தங்குகிற ராத்திரி ஹால்ட் வராமல் பகல் டூட்டியாகவே முதலாளி போடுகிறாரே, வயதுக்கு மரியாதை என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் கிளார்க் சொல்கிறார்: "ஒங்க மச்சினன்ல வந்து கேட்டுக்கிட்டுப் போவாரு." என்னைக் கேட்காமல் என் டூட்டியை அவன் ஏன் பேசுகிறான்?

வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்பக்கம் அக்காளும் தம்பியும் கிசுகிசு. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டேன்.

"இப்பிடியே எத்தினி நாளைக்கிக்கா? சொல்லிரு. நான் சொல்லவா?"

"வேணாம்டா. இன்னங் கொஞ்ச நாள். அவருக்குத் தெரியாமப் பாத்துக்க."

"சாவி எடுக்கைல முழிச்சுக்கிட்டாருன்னா?"

"அந்நேரம் அவரு எங்கிட்டு முழிக்கிறாரு!"

போதுமே! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு! வீட்டுப் பத்திரமும் போகும், ஸ்டியரிங்கும் போகும். பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறேன்.

உள்ளே போய்ச் சண்டை போடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட மாட்டேன்.

3-4-62, செவ்வாய்

நார்த்தாமலைத் திருவிழா ஸ்பெஷலுக்கு எல்லா டிரைவர்களும் போய்விட்டதால் நேற்று எனக்கு இலுப்பூர் ஹால்ட். நாகராசு "நான் முதலாளிட்ட பேசுறேன் மச்சான், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று குதித்தான். அவன் குதித்ததற்காகவே நான் போனேன். வண்டியிலேயே படுத்தேன்.

காலையில் கண் விழிக்கிறேன், நெஞ்சோடு வீல் ஸ்பேனரை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வேட்டி நனைந்திருக்கிறது. உதட்டில் ரத்தம் காய்ந்திருக்கிறது. சுற்றி டீக்கடைக்காரர், கிளீனர், இன்னும் யார் யாரோ. கிளீனர் என் கண்ணைப் பார்க்காமல் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். நாகராசு என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்.

"மச்சான், ஒங்களுக்குத் தூக்கத்துல வலிப்பு வருது. மூணு வருசமா வருது. அக்காதான் சொல்ல விடலை."

அடப் பாவி! வலிப்பு வந்தால் எனக்குத் தெரியாதா? என் உடம்பு, என் தூக்கம். பகலில் ஒரு நாள் வந்ததுண்டா? பதினைந்து வருஷம் ஒரு ஆட்டுக்குட்டி மீதுகூட ஏற்றாமல் ஓட்டியிருக்கிறேன். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் ஊர் பார்க்க ஸ்பேனரைக் கையில் திணித்திருக்கிறான். ரத்தம்? வேட்டி? அதையும் செய்ய முடியாதா என்ன, தூங்குகிறவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

சாவியைப் பற்றி ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

4-4-62, புதன்

செவந்தியைக் கேட்டேன். அழுதாள். "ஆமாங்க" என்றாள். தம்பிக்கு அக்காள் சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி.

16-4-62, திங்கள்

விஷயம் முதலாளி அழகுமலை வரை போய்விட்டது. "டாக்டர் எழுதிக் குடுத்தா வண்டி ஒனக்குத்தான் சோலையப்பா, அது வரைக்கும் ஷெட்டுல இரு" என்றார். வண்டி நாகராசு கையில்! ஷெட்டிலிருந்து கேட்கிறேன், இரண்டாவது கியருக்கு மாற்றும்போது பல்லைக் கடிக்க வைக்கிறான். என் வண்டி அழுகிறது.

7-5-62, திங்கள்

பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயா. அவர்தான் இந்த ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். முழித்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்றார். (தெரியாதுதான்!) மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிறதாம். தூங்கும்போது மூளையில் ஓடுகிற கரண்டை அது காகிதத்தில் எழுதிவிடுமாம்.

வெளியே வந்ததும் இன்னாசியம்மாளிடம் கேட்டேன், "ஒங்களுக்கு எம் பொண்டாட்டி என்ன குடுத்தா?"

அவர் கோபப்படவில்லை. "நல்லாக் கேளு தம்பி. நாங்கள்லாம் பொய்யின்னே வச்சுக்க. மெசினு யாருக்கு மச்சினன்? போய்ப் படுத்துப் பாரு" என்றார்.

அது நியாயமாகப் பட்டது. போகிறேன். மெஷின் வாயாலேயே இவர்கள் முகத்தில் கரி பூசுகிறேன்.

11-6-62, திங்கள். மெட்ராஸ்

நாளைக்குக் காலையில் சோதனை. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது என்று செவந்தி சீயக்காய் தேய்த்து விட்டாள். இன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கக் கூடாதாம். அப்போதுதான் நாளைக்கு அங்கே நன்றாகத் தூக்கம் வருமாம்.

எனக்குத் துணையாக முழித்திருப்பதாகச் சொல்கிறாள். அவளுக்கு ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. பழகினவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

12-6-62, செவ்வாய். மெட்ராஸ்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

மெஷின் அறையில் சொர்ணவல்லி என்று ஒரு அம்மா. முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. என் தலையில் அங்கங்கே அளந்து பசை தடவி, காலணாவைவிடச் சின்னதான சில்லுகளை ஒட்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். வயரெல்லாம் ஒரு பெட்டிக்குப் போய், அங்கிருந்து மெஷினுக்கு. மெஷினில் எட்டுப் பேனா. கீழே காகிதம் ஓடுகிறது.

"ஷாக் அடிக்குமா?" என்றேன்.

"நாங்க கரண்ட் குடுக்கலைங்க. உங்க மூளையிலயே கொஞ்சூண்டு இருக்கு. அதை எடுத்துப் பெருசாக்கி எழுதுது, அவ்வளவுதான்."

"மனசுல நெனைக்கிறதை எழுதிருமா?"

சிரித்தார். "அதெல்லாம் தெரியாது. தூங்குறீங்களா முழிச்சிருக்கீங்களா, ஒழுங்கா ஓடுதா ஓடலையா. அது தெரியும்."

நான் லேசில் விடவில்லை. அது என் தலையிலிருந்துதான் எழுதுகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? பல்லைக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். எட்டுப் பேனாவும் தடதடவென்று கிறுக்கின. விட்டேன், அடங்கின. கண் சிமிட்டினேன், நெற்றிப்பக்கத்து வயர்களுக்கான பேனாக்கள் துள்ளின. ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்ப்பதுபோல நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தேன். கனெக்‌ஷன் சரிதான். ஆனாலும் காகிதத்தை மாற்றிவிட்டால்? காகிதத்தின் தொடக்கத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். "போடுங்க" என்று பேனாவை நீட்டினார். 'வீ. சோலையப்பன், டிரைவர்' என்று போட்டேன்.

செவந்தியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். படுத்தேன்.

இப்போது என் திட்டத்தை எழுதுகிறேன், வெட்கமாக இருந்தாலும். நிஜமாகத் தூங்கினால்தானே வம்பு? தூங்குகிற மாதிரி படுத்திருந்தால் மெஷின் நல்லபிள்ளைத் தூக்கம் என்று எழுதிவிடும், கதை முடிந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டேன். கொஞ்சம் கழித்துக் குறட்டையும் சேர்த்தேன்.

"அண்ணே, குறட்டை வருது. தூக்கம் வரலையே" என்றார் அந்த அம்மா.

கண்ணைத் திறந்தேன். "இப்ப கண்ணைத் திறந்துட்டீங்க" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை! காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூடினேன். "மூடிட்டீங்க." திறந்தேன். "திறந்துட்டீங்க."

"எப்பிடிம்மா?"

"கண்ணை மூடி முழிச்சுக்கிட்டுக் கிடந்தா சீப்புப் பல்லு மாதிரி ஒரே சீராக் கோடு ஓடும். கண்ணைத் திறந்தா அது படுத்துரும். தூங்க ஆரம்பிச்சா அந்தச் சீப்பு கலைஞ்சு, பெரிய பெரிய அலையா மெதுவா வரும். நடுநடுவுல ராட்டையில நூல் சுத்துன கதிர் மாதிரி ஒரு கொத்து. அதையெல்லாம் யாராலயும் நடிச்சுக் கொண்டாந்துர முடியாதுங்க."

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். எழுப்ப முடியாமல் போகட்டும், கண்டுபிடித்துவிடுகிறதே! என் வீட்டில், என் ஊரில், யாரும் என்னிடம் இவ்வளவு பொய் இல்லாமல் பேசியதில்லை என்று தோன்றியது. இல்லை, நான்தான் நம்பியதில்லையோ? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ராத்திரி முழுதும் முழித்த அசதி, இமை தானாக இறங்கிவிட்டது.

விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். பக்கத்தில் டாக்டர். தோள்பட்டையில் அதே வலி. நாக்கில் உப்புக் கரித்தது. நான் யார், எங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. வலது கையில் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்த்தேன்.

டிரங்குப் பெட்டிச் சாவி.

"வெளிய இருந்த உங்க சம்சாரம் சத்தம் கேட்டு ஓடியாந்துட்டாங்க" என்றார் சொர்ணவல்லி அம்மா. "வேணாம்மா, இரும்புல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். கேக்கலை. இடுப்புல இருந்து அவுத்துக் கையில வச்சு மூடிட்டாங்க."

செவந்தி சுவரோரம் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

டாக்டர் காகிதத்தை மடிப்பு மடிப்பாக மேஜையில் விரித்தார். தொடக்கத்தில் என் கையெழுத்து. நான் பல்லைக் கடித்த கிறுக்கல். குறட்டை விட்ட இடத்தில் சீப்பு. அப்புறம் பெரிய அலை, கதிர், அலை. பிறகு ஊசி ஊசியாகக் கூரிய கோடுகள். ஒன்று, இரண்டு, கூட்டம் கூட்டமாக. அப்புறம் எட்டுப் பேனாவும் வெறிபிடித்த மாதிரி. நல்ல வண்டி ஒரு பிளக் சரியாக அடிக்காமல் முதலில் விக்கும், பிறகு மொத்தமாகக் குலுங்கி நிற்கும். எனக்கு டாக்டர் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெஷின் யாருக்கும் மச்சினன் இல்லை.

"மாத்திரை தாரேன். ஒழுங்காச் சாப்பிட்டா அடங்கும். இனிமே இரும்பு வேண்டாம், வாயில எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "என்ன வேலை?" என்றார். கையெழுத்தைத்தான் பார்த்தாரே. இருந்தும் கேட்டார்.

"டிரைவர்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்தார். மெதுவாக மடித்தார்.

13-6-62, புதன். ரயிலில்

சாவி என்றால் பூட்டு என்றே நினைத்தேன். அது இரும்பு என்று நினைக்கவில்லை. முன்பெல்லாம் இரும்புக் கரண்டியை வைப்பாளாம்; கைக்குச் சட்டென்று கிடைக்கிறது என்று இந்தத் தை மாசத்திலிருந்துதான் சாவி.

கேட்டேன், "ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

 அவளே மேலே சொன்னாள்: "வண்டியை விட்டுட்டு நீங்க எப்பிடி இருப்பீங்கன்னு பயந்தேங்க. பகல்ல வரலைல்ல, பகல்ல மட்டும் ஓட்டட்டும்னு தம்பி கால்ல விழுந்தேன். ராத்திரி நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்."

ராத்திரி நான் பாத்துக்கிறேன்! மூன்று வருஷம், ராத்திரியெல்லாம் இவள் என் பக்கத்தில் முழித்து உட்கார்ந்திருக்கிறாள். நான் சோப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் கரி விழுந்துவிட்டது என்றேன். நம்பின மாதிரி இருந்தாள்.

ஆனால் அவள் மீதும் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். வண்டியில் எத்தனை சனம் ஏறும்! மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் அன்னவாசல் தாண்டும்போது கண் சொக்குகிற நாள் எத்தனை? இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தரம், அரை நிமிஷம், ஸ்டியரிங்கில் நான் நிஜமாகவே தூங்கியிருந்தால்? அப்போது எந்தச் சாவியை யார் வந்து வைப்பார்கள்?

18-6-62, திங்கள்

மெட்ராஸ் டாக்டர் எழுதிக் கொடுத்தது உறைக்குள்தான் இருந்தது. முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. 'எல்லாம் சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே வண்டி என் கையில். ஷெட் வாசல் வரை அந்த வார்த்தை நாக்கில் இருந்தது.

அப்புறம் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன். முதலாளி எழுந்து வந்து தோளில் கை வைத்தார். வலிக்கிற தோள். பொறுத்துக்கொண்டேன்.

மதியம் ஷெட்டுக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். என்ஜினைப் போடவில்லை.

2-7-62, திங்கள்

ஷெட்டில் மேஸ்திரியாக வைத்திருக்கிறார். நாகராசுவைப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இரண்டாவது கியர் போடக் கற்றுக்கொடுத்தேன். "நீங்க திட்டுனாத்தான் மச்சான் நல்லா விழுகுது" என்கிறான். சேட்டையைப் பாரு.

30-7-62, திங்கள்

மாத்திரை ஒரு நாளும் விடவில்லை. நாக்குப் புண் ஆறிவிட்டது. சாவியை அரைஞாணிலிருந்து கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினேன். செவந்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்து முடிந்துகொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ராத்திரி இன்னும் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறாள். "படு" என்றால் "இந்தாப் படுக்குறேன்" என்கிறாள்.

9-9-62, ஞாயிறு

காலையில் கண் விழித்தேன். தோள் வலி இல்லை. உள்ளங்கையைப் பார்த்தேன், பழக்க தோஷம். ஒன்றும் இல்லை. சாவி ஆணியில் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் செவந்தி படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. சந்தேகப் புத்தி லேசில் போகுமா? நடிக்கிறாளோ என்று குனிந்து உற்றுப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு ஈ கன்னத்தில் உட்கார்ந்து நடந்து போனது, அவளுக்குத் தெரியவில்லை. பெரிய அலைதான். மெஷின் வேண்டியிருக்கவில்லை.

வெளியே கருப்பன், "பாலேய்!"

சொம்பை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன். அவர் என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னண்ணே, அதிசயமா இருக்கு? ஆச்சி எங்கிட்டுப் போயிட்டாக?"

"சத்தம் போடாதய்யா" என்றேன். "தூங்குறா."